மருத்துவமனைக் கணினி நோயாளிக்கு என்ன செய்கிறது?

2013 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரே வேளையில் 38½ மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. கொடுத்திருக்க வேண்டியது ஒரே ஒரு மாத்திரை. மருந்தும் அரிதானதல்ல. ட்ரைமெத்தோபிரிமும் சல்ஃபாமெத்தாக்சசோலும் சேர்ந்த கூட்டு மருந்து. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் செப்ட்ரான் என்று கேட்டு வாங்குவார்களே, அதே வகை. சில மணி நேரத்தில் பையனுக்கு வலிப்பு வந்தது. நல்லவேளையாக உயிர் பிழைத்தான்.

அந்த மாத்திரைகள் ஒரு மருத்துவர், ஒரு மருந்தாளுநர், மருந்தைப் பொட்டலம் கட்டும் ஓர் இயந்திரம், ஒரு செவிலியர் என்று நான்கு நிலைகளைக் கடந்து வந்தவை. நான்கிலும் கணினி இருந்தது. இப்படிப்பட்ட தவறுகளைத் தடுக்கத்தான் அவை வாங்கப்பட்டிருந்தன. பிறகு எப்படி நடந்தது? மருத்துவமனை இதை மூடி மறைக்கவில்லை. அங்கேயே பணியாற்றும் மருத்துவர் ராபர்ட் வாக்டர், நிர்வாகத்தின் சம்மதத்தோடு முழு விவரத்தையும் 2015இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். மருத்துவ மென்பொருள் நோயாளியின் உடம்பை எந்த வழியாகச் சென்று தொடுகிறது என்பதை இந்த ஒரு நிகழ்வைப் பின்தொடர்ந்தே பெரும்பாலும் விளங்கிக்கொள்ள முடியும்.

முதலில் அந்த மென்பொருள் எது என்று பார்க்க வேண்டும். நோயாளியின் வரலாறு, பரிசோதனை முடிவுகள், மருந்துகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் பகுதிக்கு மின்னணு மருத்துவப் பதிவேடு என்று பெயர். மருத்துவர் ‘இந்த மருந்து, இந்த அளவு, இத்தனை வேளை’ என்று உள்ளிடுவது கணினிவழி மருந்தாணை. ஆணை நேராக மருந்தகத்துக்குப் போகிறது. மருந்தாளுநர் சரிபார்த்து ஒப்புதல் தருகிறார். வார்டில் செவிலியர் நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பார்கோடையும் மருந்து உறையின் பார்கோடையும் ஸ்கேன் செய்கிறார். இரண்டும் ஆணையோடு பொருந்தினால் திரை ‘கொடுக்கலாம்’ என்கிறது. பழைய காகித நோட்டு, எழுதியதை வைத்திருப்பதோடு சரி. இந்த மென்பொருளோ எதை எழுதலாம், எந்த வரிசையில் எழுதலாம், யார் எப்போது எதைப் பார்க்கலாம் என்பதையும் முடிவு செய்கிறது. சிகிச்சையில் அதுவும் ஒரு பங்காளி.

இந்தப் பங்காளியால் நன்மை உண்டா என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் டேவிட் பேட்ஸ் குழுவினர் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. காகித ஆணை கணினி ஆணையாக மாறியபின், யாராலும் இடைமறிக்கப்படாமல் நோயாளி வரை சென்ற கடுமையான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்தன. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. தவிர்த்திருக்கக்கூடிய மருந்துத் தீங்குகள், அதாவது நோயாளி உண்மையிலேயே பாதிக்கப்பட்ட நிகழ்வுகள், 17 சதவீதமே குறைந்தன. அந்தக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதைப் புள்ளியியல் மறுக்கவில்லை. தவறு குறைவது ஒன்று, தீங்கு குறைவது வேறொன்று. மென்பொருள் விற்பவர்கள் முதல் எண்ணை மட்டுமே சொல்வதுண்டு. இரண்டையும் கேட்டு வாங்குவதுதான் முறை.

பார்கோடு பற்றிய ஆய்வும் அதே மருத்துவமனையில் நடந்தது; 2010இல் வெளியானது. எரிக் பூன் குழுவினர், மருந்து கொடுக்கும் செவிலியரின் அருகிலேயே பார்வையாளர்களை நிறுத்தினார்கள். மருத்துவரின் ஆணை என்ன என்பது அந்தப் பார்வையாளர்களுக்குத் தெரியாது. கண்ணால் கண்டதை மட்டும் குறித்துக்கொண்டார்கள். பிறகுதான் ஆணையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. நேரம் தவறியவற்றைக் கணக்கில் சேர்க்காமல், மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாக இறங்கியிருந்தன. தவறு செய்தவர் தானாக வந்து சொல்வார் என்று காத்திருந்தால் இந்த எண்கள் கிடைத்திருக்காது. தான் தவறு செய்ததே அவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

இனி அந்த 38½ மாத்திரைக்கு வரலாம். பையனின் எடை 38.6 கிலோ. நாற்பது கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்பத்தான் மருந்தளவு குறிக்க வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. பயிற்சி மருத்துவர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று ஆணையிட்டார். கணினி பெருக்கி 193 மில்லிகிராம் என்றது. கையில் இருப்பதோ 160 மில்லிகிராம் மாத்திரை. கணக்கிட்ட அளவுக்கும் மாத்திரைக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருந்தகம் தானாக மாற்றிக்கொள்ளக் கூடாது, மருத்துவரே திருத்தித் தர வேண்டும் என்று இன்னொரு விதி. ஆகவே மருந்தாளுநர், சரியான அளவு 160 மில்லிகிராம், மறுபடி ஆணையிடுங்கள் என்று செய்தி அனுப்பினார். மருத்துவர் திரையைத் திறந்தார். அளவுக் கட்டத்தில் 160 என்று தட்டினார்.

பக்கத்துக் கட்டத்தில் அலகு ‘மில்லிகிராம்’ என்று மாறியிருக்கவில்லை; முன்பு இருந்ததைப்போலவே ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்றே நின்றது. கணினி 160ஐ 38.6ஆல் பெருக்கியது. விடை 6,176 மில்லிகிராம். மாத்திரைக் கணக்கில் 38½.

மனித–கணினி உறவை ஆராய்பவர்கள் இதை நிலைப்பிழை என்கிறார்கள். ஒரே செயல், கருவி அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு பொருள் தரும்போது நேர்வது. கைப்பேசி விசைப்பலகை ஆங்கிலத்தில் நிற்பதைக் கவனிக்காமல் தமிழ் என்று நினைத்துத் தட்டியவர்களுக்கு இது விளங்கும். விரல்கள் சரியாகத்தான் அழுத்தியிருக்கும், வந்த எழுத்துகள்தான் வேறு. கைப்பேசியில் அது உடனே கண்ணில் படுகிறது. மருந்தாணைத் திரையில் 160 என்ற எண், மருத்துவர் எதிர்பார்த்த 160 போலவேதான் தோன்றியது. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் அது எதையும் விளக்காது. எத்தனை கவனமான ஆளாக இருந்தாலும் நூற்றுக்கணக்கான ஆணைகளில் ஒருமுறை வழுக்கி விழும்படி அந்தத் திரை அமைந்திருந்தது.

கணினி சும்மாவும் இருக்கவில்லை. அளவு மிகுதி என்று மருத்துவருக்கு எச்சரிக்கை காட்டியது. அவர் அதை மூடிவிட்டார். மருந்தாளுநருக்கும் காட்டியது, அவரும் மூடிவிட்டார். ஏன் என்பதற்கான விடை அந்த மருத்துவமனையின் மாதக் கணக்கில் இருக்கிறது. மாதத்துக்குச் சுமார் 3,50,000 மருந்தாணைகள். அவற்றில் ஏறத்தாழப் பாதிக்கு மருந்தாளுநர்களின் திரையில் எச்சரிக்கை தோன்றியது. சற்றே மிகுந்த அளவுக்கு வரும் எச்சரிக்கையும் முப்பத்தெட்டு மடங்குக்கு வரும் எச்சரிக்கையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. தேவையற்ற எச்சரிக்கைகள் குவியக் குவிய, தேவையானதையும் படிக்காமல் தள்ளிவிடும் இந்தப் பழக்கத்துக்கு எச்சரிக்கைச் சோர்வு என்று பெயர்.

சோர்வு என்றதும் சோம்பல் என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல, இது ஒரு கணக்கு. நூறு எச்சரிக்கைகளில் இரண்டே இரண்டுதான் உண்மையான ஆபத்தைச் சுட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறையும் நின்று படிப்பவருக்குத் தொண்ணூற்றெட்டு முறை வேலை தடைபடும். அத்தனை முறையும் ‘தள்ளிவிட்டால் ஒன்றும் ஆகாது’ என்பதையே அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுக்கும். எதையும் தவறவிடக் கூடாது என்று விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பொய் எச்சரிக்கைகள்தான் வேகமாகப் பெருகும், ஏனென்றால் கொடிய தவறுகள் எண்ணிக்கையில் அரிது. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகள் பற்றி வந்த ஆய்வுகளை 2006இல் திரட்டிப் பார்த்தபோது, அவற்றில் 49 முதல் 96 சதவீதம் வரை மீறப்படுவது தெரிந்தது.

அந்த 38½ மாத்திரைகளை இயந்திரம் சலிக்காமல் பொட்டலம் கட்டியது. கடைசி நிலையில் செவிலியருக்கு ஐயம் வந்தது. இவ்வளவு மாத்திரைகளை அவர் பார்த்ததில்லை. ஆனால் ஸ்கேன் செய்து பார்த்தபோது திரை சரி என்றது. பார்கோடு முறை, ஆணையும் பொட்டலமும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். ஆணையே தவறு என்றால் அதற்குத் தெரியாது. தவறான ஆணைக்கு மிகத் துல்லியமாகக் கீழ்ப்படிவதும் அதன் வேலைதான். மருத்துவரும் மருந்தாளுநரும் பார்த்தாயிற்று, கணினியும் ஒப்புக்கொண்டுவிட்டது என்ற நம்பிக்கை ஒவ்வொரு படியிலும் கனத்துக்கொண்டே வந்து, கடைசியில் நின்ற ஆளின் ஐயத்தை அமுக்கிவிட்டது. காவல் நிலைகள் பலவாக இருந்தும் ஒவ்வொன்றும் மற்றதை நம்பியிருந்தால், நடைமுறையில் காவல் ஒன்றே.

எச்சரிக்கையை மூடவே முடியாதபடி செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. வியப்பு என்னவென்றால், அந்தச் சோதனையிலும் அதே கூட்டு மருந்துதான் மையம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தப்போக்கு ஆபத்து உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு மருத்துவமனைகளில், மருத்துவர்கள் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு, சேர்த்து ஆணையிடவே விடாத கட்டாயத் தடை. மற்றதற்கு வழக்கமான நடைமுறை. தடை நன்றாகவே வேலை செய்தது. ஆபத்தான சேர்க்கை கைவிடப்பட்டது முதல் குழுவில் 57 சதவீத முறை, மற்றதில் 13.5 சதவீத முறை. ஆனாலும் சோதனையை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டில் ஒரு மருந்து அவசரமாகத் தேவைப்பட்ட நான்கு நோயாளிகளுக்கு, தடை காரணமாகச் சிகிச்சை தாமதமாகிவிட்டது. 2010இல் வெளிவந்த இந்த முடிவு ஒவ்வொரு மென்பொருள் குழுவின் சுவரிலும் தொங்க வேண்டியது.

தாமதம் என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் வரலாறு சான்று. அங்கே 2002 அக்டோபரில் கணினிவழி ஆணை முறை ஆறே நாட்களில் நடைமுறைக்கு வந்தது. வேறு மருத்துவமனைகளிலிருந்து ஆபத்தான நிலையில் மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதத்தை அங்கிருந்த மருத்துவர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். முந்தைய 13 மாதங்களில் 2.80 சதவீதம், பிந்தைய 5 மாதங்களில் 6.57 சதவீதம். 2005இல் இது வெளியானபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது.

காரணங்கள் எல்லாம் திரையைச் சுற்றியே இருந்தன. முன்பு ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே தேவையான மருந்துகளுக்கு ஆணை எழுதித் தயாராக வைப்பார்கள். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவு முடிந்த பிறகே ஆணை உள்ளிட முடிந்தது. காகிதத்தில் சில நொடிகளில் எழுதிய ஆணைக்குத் திரையில் பத்து சொடுக்குகள், ஒன்றிரண்டு நிமிடங்கள். வார்டு அலமாரியில் இருந்த அவசர மருந்துகள் மையக் கட்டுப்பாட்டுக்காக மருந்தகத்துக்குப் போய்விட்டன. படுக்கையருகே இருந்த ஆட்களில் சிலர் கணினிக்கு முன்னால் அமர வேண்டியதாயிற்று. உயிர் ஊசலாடும் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இதிலிருந்து ‘கணினியே குழந்தைகளைக் கொன்றது’ என்று முடிவு கட்டிவிட முடியுமா? முன்–பின் ஒப்பீட்டில் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு காலங்களுக்கும் இடையே கணினி மட்டும் மாறியிருக்காது. பருவம், நோய்களின் கடுமை, பணியாளர்கள் என்று எவையெவையோ மாறியிருக்கலாம். ஆகவே இதே சோதனை வேறிடத்தில் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அதே நிறுவனத்தின் மென்பொருளை நிறுவியது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் இறப்பு விகிதம் 4.22 சதவீதத்திலிருந்து 3.46 சதவீதமானது, புள்ளியியல்படி இது மாற்றமில்லை என்றே பொருள், ஏற்றம் நிச்சயமாக இல்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்ததைக் கேட்டறிந்து, அடிக்கடி தேவைப்படும் மருந்துகளை ஒரே தொகுப்பாக ஆணையிடும் பட்டியல்களை அவர்கள் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையிலோ, 2010இல் வந்த ஆய்வின்படி, கணினிவழி ஆணைக்குப் பிறகு இறப்பு 20 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கும் முன்–பின் ஒப்பீட்டின் பலவீனம் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. ‘மருத்துவ மென்பொருள் நல்லதா, கெட்டதா’ என்ற கேள்வியே பிழை என்று மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தெரிகிறது. எந்த மென்பொருள், எந்த வார்டில், எப்படி அமைக்கப்பட்டது, ஆட்களின் வேலை அதற்கேற்ப எப்படி மாற்றப்பட்டது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

ஆள் மாறிப்போகும் தவறு இன்னொரு தனி வகை. ஒரு நோயாளிக்கு எழுத வேண்டிய ஆணையை வேறொருவர் பெயரில் எழுதிவிடுவது. இது எத்தனை முறை நடக்கிறது என்று அளக்க நியூயார்க்கில் ஜேசன் ஏடெல்மன் குழுவினர் நுட்பமான ஒரு வழி கண்டார்கள். மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஆணையிடுகிறார். பத்து நிமிடத்துக்குள் அதை ரத்து செய்கிறார். அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதே ஆணையை வேறு நோயாளிக்கு இடுகிறார். இந்தத் தடம் பதிவேட்டில் தெரிந்தால், ஆள் மாறி, உடனே சுதாரித்துத் திருத்தியிருக்கிறார் என்று கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். கணினியே லட்சக்கணக்கான ஆணைகளில் தேடித் தரும்.

இந்த அளவுகோல் கிடைத்த பிறகு பல ஊகங்கள் சோதனைக்கு வந்தன. அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை ‘ஆண் குழந்தை’ என்பதோடு குடும்பப் பெயரை மட்டும் சேர்த்துப் பதிவது பரவலான வழக்கமாக இருந்தது. வரிசையாகப் பல ‘ஆண் குழந்தை’கள் நிற்கும் திரையில் ஆள் மாறாமல் என்ன செய்யும்? தாயின் முதல் பெயரையும் சேர்த்து, ‘வெண்டியின் பையன்’ என்பதுபோலப் பதியத் தொடங்கியதும் தவறான ஆணைகள் 36 சதவீதம் குறைந்தன. ‘பேபி ஆஃப்’ என்று தாயின் பெயரோடு எழுதும் நம் பிரசவ வார்டுகளின் பழைய வழக்கத்துக்கு இது ஒரு நல்ல சான்றிதழ். மாறாக, ஒரே நேரத்தில் நான்கு நோயாளிகளின் பதிவைத் திறந்து வைப்பது ஆபத்து, ஒன்றை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று பலரும் நம்பினார்கள். 3,356 மருத்துவப் பணியாளர்களைக் கொண்டு குலுக்கல் முறையில் சோதித்து 2019இல் வெளியிட்டபோது, இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. பொது அறிவு ஒன்றில் வென்றது, மற்றதில் தோற்றது.

கண்ணுக்குத் தெரியாத சக்தி இன்னொன்று: முன்னிருப்பு, அதாவது யாரும் மாற்றாவிட்டால் கணினி தானாக எடுத்துக்கொள்ளும் தேர்வு. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் மருந்துச் சீட்டு எழுதும்போது, விலை மலிந்த பொதுப்பெயர் மருந்தே செல்லும்படி திரையை மாற்றினார்கள். கம்பெனிப் பெயரே வேண்டுமென்றால் மருத்துவர் ஒரு பெட்டியில் குறியிட வேண்டும். அவ்வளவுதான். பொதுப்பெயர் மருந்துகளின் பங்கு 75 சதவீதத்திலிருந்து 98 சதவீதமாக ஏறியது. மருத்துவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை, சுற்றறிக்கை அனுப்பவில்லை. இத்தனை வலிமை உள்ள ஒன்று தவறான பக்கம் சாய்ந்திருந்தாலும் அதே வேகத்தில்தான் இழுத்துச் செல்லும். அந்த 160க்குப் பக்கத்தில் நின்ற அலகுக் கட்டமும் ஒரு முன்னிருப்பே.

மருத்துவரின் நேரத்தையும் இந்த மென்பொருள் தின்கிறது. 2016இல் கிறிஸ்டின் சின்ஸ்கி குழுவினர் 57 மருத்துவர்களைப் பின்தொடர்ந்து 430 மணி நேரம் கவனித்தார்கள். நோயாளியோடு செலவழிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பதிவேட்டோடும் மேசை வேலையோடும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போயிற்று. நோயாளி எதிரே இருக்கும்போதும் 37 சதவீத நேரம் அந்த வேலைக்கே. அவசரத்தில் பழைய குறிப்பை நகலெடுத்து ஒட்டுவது வழக்கமாகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 23,000க்கு மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்ததில் கையால் தட்டப்பட்டது 18 சதவீதம் மட்டுமே. 46 சதவீதம் நகல், மீதி கணினி வேறிடத்திலிருந்து எடுத்துவந்து நிரப்பியது. நேற்று சரியாக இருந்த வாக்கியம் இன்றும் அப்படியே கிடக்கும். நோயாளி அதற்குள் மாறியிருப்பார்.

இத்தனையும் தெரிந்த பிறகு, ஒரு மருத்துவமனையின் மென்பொருள் பாதுகாப்பாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? அமெரிக்காவில் இதற்கென ஒரு தேர்வு நடக்கிறது. இல்லாத நோயாளிகளைக் கணினியில் உருவாக்கி, உண்மையில் மனிதர்களுக்குத் தீங்கு செய்த ஆணைகளையே அவர்கள் பெயரில் உள்ளிட்டு, கணினி விழித்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். ஆபத்தான ஆணைகளில் 2009இல் 53.9 சதவீதம் பிடிபட்டன, 2018இல் 65.6 சதவீதம். பத்தாண்டில் முன்னேற்றம்தான். ஆனாலும் அப்போதும் மூன்றில் ஒன்று தப்பியது. மதிப்பெண் வேறுபாட்டில் எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பதற்குப் பத்தில் ஒரு பங்கு அளவே பொறுப்பு; மீதியில் பெரும்பகுதி அந்தந்த மருத்துவமனை அதை எப்படி அமைத்தது, எப்படிப் பராமரித்தது என்பதைச் சார்ந்தது.

பராமரிப்பு என்பதன் பொருளை பிரிகாம் மருத்துவமனையிலேயே நடந்த ஒன்று காட்டுகிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்து தைராய்டைப் பாதிக்கக்கூடியது. ஓராண்டுக்கு மேல் அதைச் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டுப் பரிசோதனையை நினைவூட்டும் விதி ஒன்று கணினியில் இருந்தது. 2009இல் அந்த மருந்தின் உள்குறியீட்டு எண் மாற்றப்பட்டது. விதியில் பழைய எண்ணே தங்கிவிட்டது. பழைய நோயாளிகள் பழைய எண்ணிலேயே இருந்ததால் நினைவூட்டல் சட்டென்று நிற்கவில்லை. புதியவர்கள் சேரச் சேர மெல்ல மெல்ல தேய்ந்தது. தேவையற்ற எச்சரிக்கை வந்தால் மருத்துவர்கள் முறையிடுவார்கள். வராத எச்சரிக்கையைப் பற்றி முறையிட யாருக்குத் தோன்றும்? ஆண்டுகள் கழித்து, மென்பொருளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆடம் ரைட் குழுவினர் இதை 2016இல் எழுதினார்கள். மருத்துவமனைகளின் கணினிப் பொறுப்பில் உள்ள மருத்துவர்களிடம் கேட்டபோது 29 பேரில் 27 பேர் தங்கள் இடத்திலும் இப்படி ஏதேனும் பழுது நேர்ந்ததுண்டு என்றார்கள். அதன் பிறகு அந்த ஆய்வாளர்கள் ஒவ்வொரு விதியும் நாள்தோறும் எத்தனை முறை எச்சரித்தது என்பதை வரைபடமாக்கி, கோடு திடீரென ஏறும் இடங்களையும் இறங்கும் இடங்களையும் தேடத் தொடங்கினார்கள். யாரும் கவனிக்காத வேறு பல பழுதுகளும் அதில் அகப்பட்டன.